ஒரே இடத்தில் விழும் குண்டு

என் கணவரின் காறை எலும்பு ஒரு செப்டம்பர் மாதத்து விடிகாலையில் முறிந்தது. முறித்தது அவருடைய துப்பாக்கியேதான். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பாப்பாரப்பட்டியிலிருந்து சற்றுத் தள்ளி, காப்புக்காட்டை ஒட்டி எங்கள் கொல்லை இருந்தது. அந்த வருஷம் நிலக்கடலை போட்டிருந்தோம். கடலை பால் பிடிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் இறங்கின. கூட்டமாக வந்து, ஏர் ஓட்டியதுபோல வரிசையாகத் தோண்டிவிட்டுப் போயின.

மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி. தோட்டா போடுகிற வகையல்ல. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியோடு ஈயக்குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கம், அடிபட்டால் பொறி விடுகிற சின்னத் தாமிர மூடி, கேப் என்பார்கள், அதைச் செருகிவிட்டு விசையை இழுத்தால் வெடிக்கும். ஒரு தடவை சுட்டால் அடுத்ததற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். வேட்டைக்கு அதில் அனுமதி இல்லை. வானத்தைப் பார்த்து வெடித்துப் பன்றிகளை விரட்டலாம், அவ்வளவுதான்.

என் கணவர் மருந்தை உள்ளங்கையில் கொட்டித்தான் அளப்பார். அவர் அப்பாவும் அப்படித்தான் அளந்தாராம். அன்றைக்குக் கோபத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. கொல்லையின் பாதி போயிருந்ததால் வானத்தைப் பார்த்துச் சுடவும் மனம் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்தே சுட்டார். துப்பாக்கி பின்னால் உதைத்ததில் வரப்பில் விழுந்தார். நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது ஒரு கையால் மறு தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆண் பன்றி ஒன்றுக்குப் பின்னங்காலில் பட்டுவிட்டது, நொண்டிக்கொண்டே ஓடைப்பக்கம் போய்விட்டது என்றுதான் சொன்னார்.

தருமபுரியில் கட்டுப் போட்டு, கையைக் கழுத்தோடு தொங்கவிட்டு அனுப்பினார்கள். எலும்பு ஒட்ட இரண்டு மாதம் ஆகும், அதற்கப்புறமும் வருஷம் முடியும்வரை தோளில் எந்த அடியும் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காயம்பட்ட பன்றி சாகவில்லை. கூட்டத்தை விட்டுத் தனியாகி, ஓடைக்கரை உண்ணிச்செடிப் புதரில் தங்கிக்கொண்டது. ஓட முடியாத மிருகம் பயந்தால் பாயத்தான் செய்யும். பதினைந்து நாள் கழித்து, பட்டப்பகலில், பக்கத்துக் கொல்லை அக்காவைத் தொடையில் குத்திக் கிழித்துவிட்டது. அந்த அக்கா கன்னடம் பேசுகிற வீட்டைச் சேர்ந்தவர். கணவர் இறந்தபின் இரண்டு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மொள்ள ஓடைக்கு இறங்கியிருக்கிறார். சத்தம் கேட்டு ஆட்கள் கூடியதால் உயிர் தப்பியது. தையல் போட்டு, ஆஸ்பத்திரியிலேயே மூன்று வாரம் கிடந்தார்.

செய்தி வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது சொன்னார்.

"அந்தப் பன்னி குத்தல. நான்தான் குத்தியிருக்கறன்."

தட்டைக் கட்டில்மேல் வைத்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது.

இரண்டு நாளில் வனத்துறை ரேஞ்சர் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. ஓடைக்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துச் சுட்டது தப்பு என்று என் கணவரே ஒத்துக்கொண்டார். ரேஞ்சர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, அந்தக் குறிப்பிட்ட பன்றியைச் சுட்டு முடிக்க மேலிடத்தில் எழுத்து மூலம் உத்தரவு வாங்க முடியும், ஆனால் சுடுகிறவருக்கு ஒரே குண்டில் முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இன்னொரு காயத்தோடு அது ஓடினால் அடுத்து யாரைக் குத்தும் என்று சொல்ல முடியாது என்றார். ஊரில் துப்பாக்கி வைத்திருந்த இன்னும் இரண்டு பேரைக் கேட்டார்கள். ஒருவருக்குக் கண் சரியில்லை. இன்னொருவர் தன் துப்பாக்கி தெற்கே பார்த்துச் சுட்டால் மேற்கே போகும் என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

"நான் சுடறனுங்க," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்கு முன் அந்தத் துப்பாக்கியைத் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ரேஞ்சர் சிரிக்கவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் என்றேன். அப்படியானால் கை நடுங்காது என்று சொல்லிவிட்டு, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு முடியாதபோது வீட்டில் இன்னொருவர் பெயரை அதே லைசென்ஸில் சேர்க்க வழி இருந்தது. அவர் எழுதிக் கொடுக்காவிட்டால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

தருமபுரிக்கு அதற்காக நான்கு முறை போனேன். பெண்பிள்ளை பெயரைச் சேர்த்ததாக ஞாபகமே இல்லை என்று மேசைக்கு மேசை சொன்னார்கள். கடைசியில் ஒரு அதிகாரி உள்ளே கூப்பிட்டார். கடிதத்தைப் படித்துவிட்டு, உங்களுக்கு இது எதற்கம்மா, வெளியாளை வரச்சொல்லிச் சுடலாமே என்றார். வெளியாள் வருவதற்குள் இன்னொருவரைக் குத்திவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் தூங்க முடியாது என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்த அதிகாரியை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை. அவர் முகம்கூட மங்கிவிட்டது. அந்தக் கையெழுத்துப் போடும்போது அவர் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

பெயர் சேர்வதற்கு ஒரு மாதம் ஆனது. அதுவரை சுட அனுமதி இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளத் தடை இல்லையே. கலெக்டர் ஆபீசுக்குப் போன முதல் நாளே என் கணவரும் நானும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடைக்குப் போனோம். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்கார பாய்க்கு என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. ஒரு காது கேட்காது. வாலிபத்தில் யாரோ கொண்டுவந்த துப்பாக்கியைச் சோதித்தபோது போய்விட்டதாம். கேட்கிற காதைத் திருப்பி நான் சொன்னதையெல்லாம் கேட்டார். குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். குழல் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

அப்படியென்றால் ஏன் ஒரு நாள் சுட்ட இடத்துக்கு மறுநாள் குண்டு போவதில்லை என்று கேட்டேன்.

"துப்பாக்கி மாறலீங்க, டீச்சரம்மா. நாமதான் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி போடறோம். மருந்து ஒரு நாளு கூட, ஒரு நாளு கொறைய. குண்டு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அது என்ன பண்ணும், பாவம்."

நான் டீச்சர் இல்லை, லேப் அசிஸ்டென்ட் என்று சொன்னேன். கடைசிவரை டீச்சரம்மா என்றேதான் கூப்பிட்டார்.

அவர் என் கணவரைக் குற்றம் சொல்லவில்லை. மருந்து அதிகம் போட்டால் தூரம் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அது தோளுக்குத்தான் போகும் என்று மட்டும் சொன்னார். என் கணவர் அதைக் கேட்டு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு பாய் குண்டு வார்க்கிற அச்சு ஒன்றை எடுத்தார். பாக்குவெட்டி மாதிரி திறந்து மூடுகிற இரும்பு அச்சு. ஈயத்தை உருக்கி ஊற்றித் திறந்தால் உருண்டையாக ஒரு குண்டு விழும். அவர் ஊற்றினார், நான் பார்த்தேன். நான் ஊற்றினேன், அவர் பார்த்தார். என்னுடையது சுருக்கம் விழுந்து கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. அச்சு சூடேறாமல் ஊற்றினால் அப்படித்தான் வரும் என்றார். வாரத்துக்கு ஒரு தடவை போய் மாலைவரை வார்த்தேன். நாலாவது வாரம் பளபளவென்று நாற்பது குண்டுகள்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று நான் பெருமையாகச் சொன்னபோது பாய் தலையை ஆட்டினார். வெளியே ஒரே மாதிரி இருக்கும், உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் தெரியாது, அந்தக் குண்டு போகிற வழியில் கோணிக்கொள்ளும் என்றார். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானுங்க," என்றார். வெட்கப்படாமல் சொன்னார்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ரசாயனச் சோதனைக்காகக் கண்ணாடிப் பெட்டித் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூச்சுக்காற்று பட்டாலே முள் ஆடும் தராசு. ஒரு தலைமுடியை நிறுத்துவிடலாம். பத்து வருஷமாகத் தினமும் அதைத் துடைத்திருக்கிறேன். காற்றுக்குமிழ் இருக்கிற குண்டு எடை குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. துணியைக் கீழே போட்டுவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன்.

ஹெட்மாஸ்டர் கண்டிப்பானவர். எதற்கென்று சொன்னதும் முடியாது என்றார். பள்ளிக்கூடத் தராசு பாடத்துக்குத்தான் என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் அவரே லேபுக்கு வந்தார். அக்காவுக்குத் தையல் பிரிந்து மறுபடியும் போட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஈயம் சரிம்மா. ஸ்கூல் விட்டப்புறம், கெமிஸ்ட்ரி சார் கூட இருக்கும்போது நிறுத்துக்குங்க. ஆனா மருந்து ஒரு துளி இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாது."

வரவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொள்ள எனக்குத் திருப்தியாக இருக்கிறது.

கெமிஸ்ட்ரி சார் சோதனைத்தாள் திருத்துவார், நான் எதிரே உட்கார்ந்து குண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக நிறுப்பேன். பார்வைக்கு இரட்டைப்பிள்ளைகள் மாதிரி இருந்தவை தராசில் வேறு வேறு ஆளாகின. நாற்பதில் பத்தொன்பதுதான் ஒரே எடைக்கு வந்தன. மற்றவற்றில் ஒன்றைக் கெமிஸ்ட்ரி சார் ஆர்வம் தாங்காமல் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார். நடுவில் கடுகளவு ஓட்டை. அதைக் கொண்டுபோய் பாயிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். இருபது வருஷமாக இதைத்தான் சந்தேகப்பட்டேன், கண்ணால் பார்த்ததில்லை என்றார்.

மருந்துக்கு அவர் பித்தளைக் குழாயில் ஒரு அளவுக் குவளை செய்து கொடுத்தார். முதலில் சின்னது. போதவில்லை என்றால் பெரிது செய்யலாம், பெரிதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்று சட்டமாகச் சொன்னார். குவளையைத் தட்டினால் மருந்து இறுகி அதிகம் கொள்ளும், தட்டாவிட்டால் குறைவு. லேபில் உப்பு அளக்கும்போது இதே தொல்லைதான். ஒரே உயரத்திலிருந்து கொட்டி, தட்டாமல், ஒரு அட்டையால் வழித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இடிக்கிற கம்பியில் பாய் அரத்தால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். குண்டு முழுதும் இறங்கி மருந்தில் உட்கார்ந்தால் அந்தக் கோடு குழலின் வாய்க்கு நேராக நிற்கும். கோடு மேலே நின்றால் சுடவே கூடாது. நடுவில் இடைவெளி இருந்தால் குழல் வெடித்துவிடும். அதைச் சொல்லும்போது தன் கேட்காத காதைத் தொட்டுக் காட்டினார்.

அக்டோபர் கடைசியில் லைசென்ஸில் என் பெயர் ஏறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிக்கொண்டு புறப்பட்டோம். ஊருக்கு வெளியே வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்று இருந்தது. மூன்று பக்கமும் பாறைச்சுவர், குண்டு வெளியே போகாது. ரேஞ்சர்தான் அந்த இடத்தைச் சொல்லி, வனக்காவலர் ஒருவரையும் கூட இருக்கச் சொல்லியிருந்தார். பழைய காலண்டர் அட்டையில் கரியால் வட்டம் போட்டு, நாற்பது நடை தூரத்தில் நிறுத்தினோம். என் கணவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, நல்ல கையால் நோட்டில் எழுதினார். எந்தக் குண்டு, எந்தத் துணி, எங்கே பட்டது.

முதல் நாள் ஐந்து முறை சுட்டேன். தோள் உதை நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஐந்தும் ஐந்து திசையில். ஒன்று அட்டையிலேயே இல்லை. வனக்காவலர் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. இத்தனை எடை பார்த்தும் இப்படியா என்று. என் கணவர் நோட்டை மூடாமல், லேபில் ஒரு சோதனை தப்பினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்றேன். அப்படியே செய்வோம் என்றார்.

முதலில் துணியை மாற்றினோம். குண்டைச் சுற்றி வைக்கிற துணி லேசாக இருந்தால் குண்டு குழலுக்குள் ஆடும், தடித்திருந்தால் இறங்காது. அவர் வேட்டித் துணியில் குண்டு ஆடியது. ஜமக்காளம் இறங்கவே இல்லை. கெமிஸ்ட்ரி சார் கொடுத்த லேப் கோட்டுத் துணி கிழிந்து வந்தது. கடைசியில் பொருந்தியது என்னுடைய பழைய உள்பாவாடையின் பருத்தித் துணி. அதில் தேன்மெழுகும் கடலை எண்ணெயும் தடவி வைத்தோம். நோட்டில் அதை எழுத என் கணவருக்குக் கூச்சம். வனக்காவலர் எட்டிப் பார்த்துவிடுவார் என்று "பா.து." என்று எழுதினார். பாய் நோட்டைப் பார்த்தபோது அது என்ன துணி, எந்தக் கடையில் கிடைக்கும் என்று விடாமல் கேட்டார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டாவது ஞாயிறு குண்டுகள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் வந்தன. மூன்றாவது ஞாயிறு என் கணவர் வரவில்லை.

ஊரில் பேச ஆரம்பித்திருந்தார்கள். டீக்கடையில் யாரோ, வீட்டுக்காரி துப்பாக்கி தூக்குகிறாள், நீ கணக்கெழுது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. காலையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டு, நீ போய் வா என்றார். அந்தத் துப்பாக்கி அவர் அப்பா கொடுத்தது. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்று எண்ணெய் போட்டுத் துடைப்பது அவருக்கு ஒரு சந்தோஷம். அதை நான் பறித்துக்கொண்டேன் என்று எனக்கே தோன்றியது. அன்று நானும் போகவில்லை. வனக்காவலர் குவாரியில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனதாகப் பிறகு தெரிந்தது.

மாலை அவர் எழுந்து எங்கேயோ போனார். இருட்டுவதற்குள் திரும்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட பக்கத்துக் கொல்லை அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. உரச்சாக்கை அறுத்து, ஒரு கையாலும் பல்லாலும் ஊசியைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினார். என்ன அது என்றேன். ஓடை மணலை நிரப்பி, துப்பாக்கியை அதன் மேல் தாங்க வைத்துச் சுட்டால் கை ஆடாது, அப்போதுதான் தப்பு உன்னுடையதா குண்டினுடையதா என்று தெரியும் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மழை. மருந்து ஈரமாகும் என்று போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மணல் மூட்டைமேல் வைத்துச் சுட்டேன். முதல் இரண்டு குண்டும் வட்டத்துக்குள் அடுத்தடுத்து விழுந்தன. மூன்றாவது மேலே இடப்பக்கம் போனது. நான்காவது இன்னும் மேலே. குழல் சூட்டினால் என்று நினைத்தேன். என் கணவர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

"இங்க பாரு. மொத நாள்ல இருந்து மூணாவது குண்டு மேலதான் போயிருக்குது. ஒரு நாளு கூடத் தவறல. உள்ள கரி படியுது புள்ள. ரெண்டு சுட்டதும் குழலு சிறுத்துப்போவுது."

பாய்க்கும் தோன்றவில்லை, தராசுக்காரியான எனக்கும் தோன்றவில்லை. உட்கார்ந்து எழுதிய மனிதருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் ஈரத்துணியைக் கம்பியில் சுற்றிக் குழலைத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடியும் துடைத்தோம். பிறகு சுட்ட ஐந்து குண்டுகளும் என் உள்ளங்கையால் மூடிவிடுகிற அளவுக்குள் இருந்தன. வனக்காவலர் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து, இதை ரேஞ்சரய்யாவுக்குக் காட்ட வேண்டும் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். என் கணவர் அந்தப் பக்கத்தின் கீழே ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் துப்பாக்கியைத் தானே நல்ல தோளில் மாட்டிக்கொண்டார். டீக்கடை வழியாகத்தான் வந்தோம்.

நவம்பர் கடைசி வாரம் வனக்காவலர் வந்து, பன்றி தினமும் காலை வெயில் ஏறியதும் ஓடைச்சேற்றில் படுக்க வருகிறது என்றார். உத்தரவுக் காகிதமும் வந்துவிட்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு சொன்னேன். காற்றுக்கு எதிர்ப்புறமாக, ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் மூன்று பேரும் படுத்தோம். மணல் மூட்டையை என் கணவர் தூக்கி வந்து முன்னால் வைத்தார். குண்டை வீட்டிலேயே பொறுக்கி எடுத்திருந்தேன். நிறுத்துப் பார்த்து ஒரே எடைக்கு வந்தவற்றில் அது ஒன்று.

ஏழரை மணி இருக்கும். உண்ணிச்செடி அசைந்தது. நான் கதைகளில் கேட்ட மூர்க்கமான மிருகம் வரவில்லை. எலும்பு தெரிகிற ஒரு கிழட்டு ஜீவன், மூன்று காலில், நின்று நின்று வந்தது. நாலாவது கால் தரையில் படவில்லை. சேற்றுக்கு வந்து, படுப்பதற்கு முன் பக்கவாட்டில் திரும்பி நின்றது. முப்பது நடைக்கு மேல் இருக்காது. என் நெஞ்சு அடிப்பது துப்பாக்கிக் கட்டையில் கேட்டது. தராசின் முள் ஆடி அடங்கும்வரை காத்திருப்பதுபோல மூச்சைப் பாதி விட்டுக் காத்திருந்தேன். விசையை இழுத்தேன்.

புகை கலைந்தபோது பன்றி நின்ற இடத்திலேயே விழுந்திருந்தது. ஒரு கால் ஒருமுறை உதைத்தது. பிறகு இல்லை.

வனக்காவலர் சொன்ன பிறகுதான் கிட்டே போனோம். பின்னங்காலில் பழைய காயம் புழுத்து, எலும்புவரை போயிருந்தது. மூன்று மாதம் அதோடு நடந்திருக்கிறது. என் கணவர் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்து அதன் முதுகில் கையை வைத்தார். அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வெற்றி பெற்ற மாதிரியும் இல்லை. அதற்கு இனி வலிக்காது என்ற ஒரு நிம்மதி மட்டும் இருந்தது. கறிக்காக நாலைந்து பேர் வந்து கேட்டார்கள். உத்தரவில் இருந்தபடி ரேஞ்சர் அங்கேயே குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனோம். கோலை ஊன்றி எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரே குண்டா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப ஒத்தாடலியா, துடிச்சுக் கஷ்டப்படலியா என்று கேட்டார். இல்லை என்றேன். தன்னைக் குத்திய மிருகத்துக்காக அப்படிக் கேட்டவரிடம் நாங்கள் என்ன சொல்வது. என் கணவர் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். அதற்குள் அக்கா, பன்றியையும் கடலையையும் தன் வீட்டுக் கன்னடப் பெயரிலேயே சொல்லி, பேச்சை மாற்றிவிட்டார்.

"ஹந்தி போச்சு, விடு தம்பி. என் கல்லக்கா பூமிலயே முளைக்குது. நாளைக்கு ஆளுங்களக் கூட்டிட்டு வா."

மறுநாள் ஆட்களோடு போய் அக்கா கொல்லையில் கடலை பிடுங்கினோம். முளைத்தது போக இருபது மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது. என் கணவர் ஒற்றைக் கையால் செடி உதறினார்.

பாயிடம் விஷயத்தைச் சொல்ல அடுத்த சனிக்கிழமை தருமபுரி போனேன். கேட்டுவிட்டு, அல்லா காப்பாற்றினார் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குண்டை நிறுக்கிறதை எனக்கும் காட்டுவீர்களா என்றார். தங்க வேலை செய்கிற சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பழைய சின்னத் தராசு ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கடைப்பலகையில் உட்கார்ந்து, காற்று படாமல் அதை எப்படி மறைப்பது, இடுக்கியால் எப்படி வைப்பது, எடையை எப்படி எழுதுவது என்று காட்டினேன். இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் கடையில் வார்த்த குண்டு எதையும் நிறுக்காமல் கொடுத்ததில்லை. அரூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடிவந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் அதற்குப் பிறகு எந்த உயிரையும் சுடவில்லை. கடலை போடுகிற மாதங்களில் குண்டில்லாமல் வெறும் மருந்தைப் போட்டு வானத்தைப் பார்த்து வெடிப்போம். அதையும் அளந்துதான் போட்டோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாயும் அவர் மனைவியும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாயின் மனைவியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னோடு சமையலறைக்கு வந்து, அடுப்பருகே உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். வெளியே ஆண்கள் இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்காத காதுப்பக்கம் உட்கார்ந்துவிட்டதால் என் கணவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க தராசு காட்டிக் குடுத்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடறப்ப ஒரு விஷயம் சொன்னாருங்க," என்றார் பாயின் மனைவி. "இத்தன வருஷமா எல்லாரும் என்கிட்ட ரிப்பேர் பண்ணி வாங்கிட்டுத்தான் போயிருக்கறாங்க. இன்னிக்கு ஒருத்தங்க எனக்குக் குடுத்துட்டுப் போனாங்கன்னு."

நான் அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ரேஞ்சரைச் சொன்னேன், பேனா மூடியைக் கடித்த அதிகாரியைச் சொன்னேன், ஹெட்மாஸ்டரை, கெமிஸ்ட்ரி சாரை, அக்காவைச் சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்தவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வெங்காயத்தால் என்று சொல்லி இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழம்பு கொதித்ததும் இலை போடப் போனோம்.